சீசாவில் அடைத்த அன்பு

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைப் பார்க்க ஓர் அம்மாள் வந்திருந்தார். கூடவே அவருடைய மகன், ஆறு வயது. எழுத்தாளனைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். தாங்கள் எழுதிய கதையைக் காட்ட வருகிறவர்கள் ஒரு ரகம். நான் எழுதிய கதைக்காகச் சண்டை போட வருகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த அம்மாள் இரண்டிலும் சேரமாட்டார் என்று முதலில் நினைத்தேன். பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது, அவர் சண்டை போட நியாயமான காரணம் இருந்தும் சண்டை போடாமல் இருந்தவர் என்று.

பையன் உள்ளே வந்தவுடன் நேரே புத்தக அலமாரிக்குப் போனான். என்னைப் பார்க்கவில்லை. கீழ்த்தட்டிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, உயரத்துக்கு ஏற்றபடி அடுக்கத் தொடங்கினான். நான் எழுந்திருக்கப் போனேன்.

"விட்டுவிடுங்கள் சார். கிழிக்கமாட்டான். முடித்துவிட்டு வந்துவிடுவான்" என்றார் அம்மாள். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, வெகு நாளாக மனப்பாடம் செய்துவைத்திருந்ததைப் போல ஒரே மூச்சில் சொன்னார்:

"ஒரு கேள்வி கேட்கத்தான் வந்தேன் சார். இவனுக்கு ஆட்டிசம். பிரசவத்தின்போது எனக்கு வலி சரியாக எடுக்கவில்லை என்று டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். ஆக்ஸிடோசின் என்று அதற்குப் பெயர். மனுஷாளுக்குள் அன்பு சுரப்பதே அதனால்தானாம். அதை வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டதால் பிள்ளைக்கு உள்ளே சுரக்காமல் போய்விட்டது என்கிறார்கள். நீங்கள் நாலு விஷயம் படிக்கிறவர். இவன் இப்படி இருப்பதற்கு நான்தான் காரணமா?"

யார் சொன்னது என்று விசாரித்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கென்று ஒரு பிரசங்கம் நடந்திருக்கிறது. பிரசங்கி படம் போட்டுக் காட்டிப் பேசியிருக்கிறார். ஆட்டிசம் உள்ள குழந்தை என்றால் அன்புச் சுரப்பு வறண்ட குழந்தை. அந்த வறட்சிக்குப் பிரசவத்தில் ஏற்றிய மருந்து காரணமாக இருக்கலாம். தாய் நாளைக்கு எட்டுத் தடவை குழந்தையை இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். அதோடு மூக்கில் பீச்சுகிற ஒரு மருந்து இருக்கிறது, அதை அவர்களுடைய சிகிச்சை நிலையத்தில் தருகிறார்கள். மாதச் செலவைச் சொன்னார். அவர் கணவருடைய சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி.

அந்தப் பிரசங்கியின் பெயரை நான் கேட்கவில்லை. ஒரு மனிதரோடு சண்டை போடுவது என் நோக்கமல்ல. அவர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கும் அல்ல. கொஞ்சம் படித்தவர்கள் கூடுகிற இடங்களிலெல்லாம் இன்று இந்தப் பேச்சு நடமாடுகிறது. 'அன்பு ஹார்மோன்' என்ற சொல்லை உச்சரிக்கும்போதே நம்மவர் முகத்தில் ஒரு பரவசம் வருகிறது. அந்தப் பரவசத்தோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் அந்தப் பொருளுக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். ஆக்ஸிடோசின் போலிச் சரக்கல்ல. மூளையின் அடிப்பாகத்தில் ஹைபோதலாமஸ் என்ற இடத்தில் உற்பத்தியாகி, பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதி வழியாக ரத்தத்தில் கலப்பது. 1906-ல் ஹென்றி டேல் என்ற ஆங்கில விஞ்ஞானி, பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து எடுத்த சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். 'சீக்கிரப் பிரசவம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்துதான் இதன் பெயரே வந்தது. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சரம் இது என்று கண்டுபிடித்து, அதைச் சோதனைச் சாலையிலேயே செய்தும் காட்டிய வின்சென்ட் டு விக்னோ என்ற அமெரிக்கருக்கு 1955-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளை பெற்றவுடன் ரத்தப் பெருக்கு ஏற்பட்டு உயிர் போகாமலிருக்க, 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அந்த ஊசியால் பிழைத்த தாய்மார்களுக்குக் கணக்கில்லை.

நம்முடைய பாட்டிமார்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. ஆனால் வேலை தெரியும். கன்று முட்டினால்தான் பசு பால் விடும். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொடுக்கும், மடி சுரக்கும். அப்படிச் சுரக்கவைப்பது ஆக்ஸிடோசின்தான். பிற்பாடு வைக்கோலைத் திணிக்கிற சிரமம் எதற்கு என்று நினைத்த மாட்டுக்காரர்கள் சிலர் நேரே அந்த மருந்தையே மாட்டுக்குக் குத்தத் தொடங்கினார்கள். 2018-ல் மத்திய அரசு, தனியார் கம்பெனிகள் இந்நாட்டில் விற்பதற்காக இதைத் தயாரிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. பிரசவ வார்டுகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்ற வாதங்களையெல்லாம் கேட்டு, அதே வருஷம் டிசம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஊசி குத்தப்பட்ட எருமை தன்னைக் கறக்கிறவன்மீது அன்பு கொண்டதாக நான் எங்கும் கேள்விப்படவில்லை.

அப்படியிருக்க, இதற்கு அன்பு என்ற பட்டம் எப்படி வந்தது?

அமெரிக்கப் புல்வெளிகளில் 'பிரெய்ரி வோல்' என்று எலி ஜாதிப் பிராணி ஒன்று இருக்கிறது. ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்தால் பிரியாமல் சேர்ந்தே குடித்தனம் நடத்தும். 1990-களில் அவற்றை ஆராய்ந்தவர்கள், பெண் வோலின் மூளையில் ஆக்ஸிடோசினைச் செலுத்தினால் ஜோடி சீக்கிரம் சேர்வதையும், அதன் வேலையைத் தடுத்தால் ஜோடி சேராததையும் கண்டார்கள். நல்ல ஆராய்ச்சி. அவர்கள் எலியைப் பற்றிச் சொன்னதைப் பத்திரிகைகள் ராமன் சீதையைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டன. பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பிரசங்கிகள் சொல்வதில்லை. 2023-ல் கலிபோர்னியா விஞ்ஞானிகள், ஆக்ஸிடோசினை ஏற்றுக்கொள்ளும் வாயிலையே மரபணுவிலிருந்து நீக்கிவிட்ட வோல்களை உண்டாக்கிப் பார்த்தார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன, ஜோடியைவிட்டுப் போகவில்லை. எலியின் தாம்பத்தியமே ஒரு துளி மருந்தில் அடங்கவில்லை!

மனிதர்களுக்கு வருவோம். 2005-ல் ஜூரிச் நகரத்தில் மாணவர்களை வைத்து ஒரு பணவிளையாட்டு நடத்தினார்கள். முகம் தெரியாத ஒருவரை நம்பிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். அவர் திருப்பித் தரலாம், தராமலும் போகலாம். மூக்கில் ஆக்ஸிடோசின் ஏற்றிக்கொண்ட 29 பேரில் 13 பேர் முழுப் பணத்தையும் கொடுத்தார்கள். போலி மருந்து ஏற்றிக்கொண்ட 29 பேரில் 6 பேர் கொடுத்தார்கள். வித்தியாசம் ஏழு மாணவர்கள். இந்த ஏழு மாணவர்களின் தோள்மீது நின்றுகொண்டுதான் 'நம்பிக்கை மருந்து', 'தர்ம அணு' என்றெல்லாம் உலகம் முழுவதும் முழங்கினார்கள். நாளைக்கு எட்டுத் தடவை கட்டிக்கொள்ளுங்கள் என்ற வைத்தியமும் அந்த வழியில் வந்ததுதான். 2020-ல் 677 பேரை வைத்து, முன்கூட்டியே விதிகளைப் பதிவுசெய்துகொண்டு, அதே சோதனையை மறுபடி நடத்தினார்கள். மருந்து நம்பிக்கையை வளர்க்கவில்லை.

இன்னொரு சங்கதி. 2011-ல் வெளியான டச்சு ஆராய்ச்சி ஒன்றில், இந்த மருந்து தம் இனத்தார்மீது பட்சபாதத்தை அதிகப்படுத்தியது என்று கண்டார்கள். இதையும் நான் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. இதுவும் சிறிய சோதனைகளின் முடிவுதான். ஆனால் அன்பு அன்பு என்று கூவுகிறவர்கள் ஒருதலைப் பட்சமான சான்றை மட்டும் மேடைக்கு எடுத்துவருகிறார்கள் என்பதற்கு இது போதும்.

இனி அந்த அம்மாளின் பிள்ளை விஷயம்.

ஆக்ஸிடோசினை ஆட்டிசத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்ததில் தப்பில்லை. 2010-ல் பிரான்சில் பதின்மூன்று பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பிறர் கண்ணைப் பார்ப்பது கொஞ்சம் கூடியது. பந்து விளையாட்டில் தங்களோடு சேர்ந்து ஆடுகிறவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். வேறு சில சிறு சோதனைகளிலும் சிறு நன்மைகள் தெரிந்தன. நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கையைச் சோதிக்க அமெரிக்காவில் ஏழு இடங்களில் ஒரு பெரிய பரிசோதனை செய்தார்கள். 3 வயது முதல் 17 வயது வரை 290 பிள்ளைகள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் போலி. 24 வாரங்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முடிவு 2021 அக்டோபரில் வெளியாயிற்று: பிறரோடு பழகுவதில் இரு சாராருக்கும் இடையே வித்தியாசம் இல்லை.

இந்த முடிவில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. போலி மருந்து பெற்ற பிள்ளைகளும் முன்னேறினார்கள். மருந்து பெற்ற பிள்ளைகள் முன்னேறிய அளவுக்கே ஏறக்குறைய முன்னேறினார்கள். குழந்தை வளர்கிறது, பெற்றோர் நம்பிக்கையோடு பார்க்கிறார்கள், பார்க்கிற கண்ணுக்கு முன்னேற்றம் தெரிகிறது. ஆகவே, "எங்கள் மருந்தைப் போட்டவுடன் குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தது" என்று நூறு தாய்மார் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்யலாம். நூறு பேரும் உண்மையே சொல்லலாம். அந்தச் சிரிப்பு மருந்தினால் வந்தது என்பதற்கு அது சாட்சியாகாது. போலி மருந்துக்கும் குழந்தை சிரித்திருக்கும். கல்யாண மண்டபத்து மேடையில் இந்த 290 பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. சொல்லாமல் மருந்துக்குப் பணம் வாங்குவதற்கு என் அகராதியில் வேறு பெயர் உண்டு.

அடுத்தது, பிரசவத்தில் ஏற்றிய மருந்தினால் வந்தது என்ற குற்றச்சாட்டு. இதில் இருக்கிற முரண்பாட்டை அந்த அம்மாள் கவனிக்கவில்லை. வேதனையில் இருக்கிறவர்கள் தர்க்க சாஸ்திரம் பார்ப்பதில்லை. பிரசங்கி கவனித்திருக்க வேண்டும். டிரிப்ஸில் போனால் பிள்ளையின் அன்பைக் கெடுக்கிற அதே வஸ்து, மூக்கில் போனால் அன்பை உண்டாக்குமாம்! ஒரே வாயால் விஷம் என்றும் அமிர்தம் என்றும் சொல்லி, இரண்டாவதற்கு மட்டும் ரசீது கிழிக்கிறார்.

இந்தப் பேச்சுக்கு வித்து எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். கருவிலிருக்கும் மூளையில் காபா என்ற ரசாயனம் நரம்புகளைக் கிளப்பிவிடுகிறது. வளர்ந்த மூளையில் அதே காபா நரம்புகளை அடக்குகிறது. பிரசவ வேளையில் தாயின் ஆக்ஸிடோசின் குழந்தையின் மூளைக்குள் சென்று காபாவைத் தற்காலிகமாக அடக்குகிற பக்கம் திருப்புகிறது என்றும், பிறக்கும்போது நேரும் பிராணவாயுக் குறைவிலிருந்து இது மூளையைக் காக்கிறது என்றும் 2006-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் எலிகளில் கண்டார்கள். ஆட்டிசத்துக்கு ஒப்பான மாறுதல் உண்டாக்கப்பட்ட எலிகளிலும் சுண்டெலிகளிலும் இந்தத் திருப்பம் நிகழவில்லை என்று 2014-ல் எழுதினார்கள். எத்தனை அழகான சங்கதி! தாயின் உடம்பு பிள்ளையின் மூளைக்கு, 'வெளியே போகப் போகிறாய், கொஞ்சம் அமைதியாக இரு' என்று சொல்லி அனுப்புவதைப் போல. கதாசிரியனான நானே சொக்கிப் போனேன். ஆனால் எலியில் அழகாக இருப்பது மனிதனில் மருந்தாகிவிடுவதில்லை. இதே யோசனையின்மேல் எழுந்த புமெட்டனைடு என்ற மருந்தை 400-க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பலன் தெரியாததால் 2021-ல் நிறுத்திவிட்டார்கள். தவிர, எலி ஆராய்ச்சி ஆக்ஸிடோசின் மூளையைக் காக்கிறது என்றுதான் சொல்லிற்று. தாய்க்கு ஏற்றிய மருந்து பிள்ளையைக் கெடுத்தது என்று அதிலிருந்து எப்படி வரும்?

மனிதர்களிடம் எடுத்த கணக்கும் இருக்கிறது. 2013-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் 6,25,042 பிறப்புகளை ஆராய்ந்தார்கள். வலியைத் தூண்டவும் செய்து, பிறகு துரிதப்படுத்தவும் செய்த பிரசவங்களில் பிறந்த பிள்ளைகளிடையே ஆட்டிசத்துக்கான வாய்ப்பு 23 சதவிகிதம் கூடுதலாகத் தெரிந்தது. பத்திரிகைகளுக்கு இது போதாதா? ஆனால் யாருக்கு வலியைத் தூண்டுகிறார்கள்? சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, நாள் கடந்த கர்ப்பம் என்று முன்பே ஏதாவது சங்கடம் இருப்பவர்களுக்குத்தான். தீயணைப்பு வண்டி நிற்கிற வீடுகளிலெல்லாம் தீப்பிடித்திருக்கிறது என்று கணக்கெடுத்து, வண்டிதான் தீ வைத்தது என்று தீர்ப்புச் சொல்லலாமா? 2016-ல் ஸ்வீடன் தேசத்தின் 13,62,950 பிறப்புகளை எடுத்துக்கொண்டு புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒன்று தூண்டிய பிரசவமாகவும் மற்றொன்று தானாக வந்த பிரசவமாகவும் இருந்த பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். அப்படிப் பார்த்தபோது அந்தத் தொடர்பே மறைந்துவிட்டது.

ஆகவே அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில், இல்லை என்பதுதான். இதோடு கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் இந்தக் கேள்வி ஒரு தாயின் வாயில் ஏன் வருகிறது? அவருடைய கணவர் ஏன் ஓர் எழுத்தாளன் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நான்தான் காரணமா?" என்று கேட்கவில்லை?

இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1943-ல் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற டாக்டர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசம் என்று பெயரிட்டார். இந்தக் குழந்தைகள் பிறவியிலேயே இப்படி வந்தவர்கள் என்று முதலில் அவரே எழுதினார். ஆனால் 1949-ல், பனி உருகாத குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டதைப் போல இக்குழந்தைகள் வளர்க்கப்பட்டார்கள் என்று பெற்றோரைப் பழித்தார். பிடித்துக்கொண்டது உலகம். 1967-ல் சிகாகோவில் ஒரு விடுதிப் பள்ளியை நடத்திவந்த புருனோ பெட்டல்ஹைம், 'வெறுங்கோட்டை' என்று பொருள்படும் பெயரில் ஒரு புத்தகம் போட்டார். அவர் ஹிட்லரின் சிறைமுகாம்களில் அடைபட்டுக் கிடந்தவர். அந்த முகாம்களில் மனிதர்கள் உள்ளுக்குள் சுருங்கிப்போனதையும் ஆட்டிசக் குழந்தையின் நிலையையும் அவர் ஒப்பிட்டார். அந்த உவமையில் காவலாளி யார்? தாய்! குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பதே வைத்தியம் என்றார். எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்துகொண்டு செத்திருப்பார்கள்!

பழியைத் துடைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு தகப்பனார். பெர்னார்டு ரிம்லண்ட் என்ற மனோதத்துவ நிபுணர். தம் மகனுக்கே ஆட்டிசம் இருந்ததால் கிடைத்ததையெல்லாம் படித்து, இது மூளையைச் சேர்ந்த விஷயம், வளர்ப்பினால் வந்ததல்ல என்று 1964-லேயே புத்தகம் எழுதினார். அதற்கு முன்னுரை கொடுத்தவர் அதே கானர். 1969-ல் கானர் பெற்றோர்களின் சபையில் நின்று, அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக வாய்விட்டுச் சொன்னார். 1977-ல் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நாலு ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். இரு கருக்களாக உண்டான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரு ரகத்தாரையும் வளர்த்தவர்கள் தாய்மார்கள்தாமே? பரம்பரைக் கூறுக்கு இதில் பெரும் பங்கு இருக்கிறது என்பது அன்றிலிருந்து மேலும் மேலும் உறுதிப்பட்டுத்தான் வந்திருக்கிறது.

செத்துப் புதைத்துவிட்டோம் என்று நினைத்த அந்தப் பழி, இன்று 'அன்பு ஹார்மோன்' என்ற புதுச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்துக்கு வந்திருக்கிறது. அன்று, 'நீ அன்பு காட்டவில்லை' என்றார்கள். இன்று, 'உன் உடம்பில் அன்பு சுரக்கவில்லை. நீ மருந்து ஏற்றிக்கொண்டாய். எட்டுத் தடவை கட்டிக்கொள்ளவில்லை' என்கிறார்கள். கூண்டில் நிற்கிறவள் அதே ஸ்திரீ. வக்கீல்தான் கோட்டு மாற்றியிருக்கிறார்.

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு ஒரு தீபாவளி மலரில் நான் ஒரு சிறுகதை எழுதினேன். பேச்சு வராத குழந்தை ஒன்று. தாய் உத்தியோகத்துக்குப் போகிறவள். குழந்தை ஆயாவிடம் வளர்கிறது. யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கடைசியில் தாய் வேலையை உதறிவிட்டு ஓடிவந்து வாரி அணைத்துக்கொள்கிறாள். குழந்தை, "அம்மா" என்கிறது. கதை முடிந்தது. பாராட்டுக் கடிதங்கள் வந்து குவிந்தன. கண்ணீர் விட்டதாகப் பலர் எழுதினார்கள். நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்த அம்மாள் அந்தக் கதையைப் படித்திருக்கிறார். அவருடைய மாமியாரும் படித்திருக்கிறார். பையனுக்கு நாலு வயதானபோது, அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள் வீட்டில். அம்மாள் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். ராஜினாமா செய்தார். இரண்டு வருஷங்களாக வீட்டில் இருக்கிறார். பையன் இன்னும் "அம்மா" என்று சொல்லவில்லை.

"உங்கள் கதையினால்தான் வேலையை விட்டேன் என்று சொல்லமாட்டேன் சார்" என்றார். அதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சிகாகோவில் 1967-ல் புத்தகம் போட்டவர் செய்ததை, அவர் புத்தகத்தைக் கண்ணால் பாராமலே நான் தமிழில் செய்துமுடித்திருந்தேன். அவராவது நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதினார். எனக்கு எட்டுப் பக்கம் போதுமாயிருந்தது. கதாசிரியனுக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. அதற்கு ஒரு தாயின் உத்தியோகத்தைக் காவு கொடுத்தேன். ஆகவே, பிரசங்கியை நோக்கி நான் நீட்டுகிற விரலில் பாதி என்னையும் சுட்டுகிறது என்று வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் அடியில் ஒரு பொய் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்பு கிடையாது என்பதே அந்தப் பொய். தமிழில் சிலர் இவர்களுக்கு, 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்கு வந்த பையனுக்குப் புற உலகச் சிந்தனையா இல்லை? நாற்பது புத்தகங்களின் உயரத்தை அளவுகோல் இல்லாமல் கண்ணால் அளந்தானே! மிக்ஸி சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம்தான் ஓடினான். என்னிடமோ வாசலுக்கோ ஓடவில்லை. அவள் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு சத்தம் ஓயும்வரை நின்றான். பிறகு திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து அடுக்கினான். அது அன்பு இல்லையென்றால் எது அன்பு? என் கண்ணைப் பார்த்து, 'நமஸ்காரம் மாமா' என்று சொல்லுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அடுத்த நிமிஷம் என்னை மறந்துவிடுகிறார்கள். நாம் அன்புக்கு ஓர் உருவம் வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த உருவத்தில் வராததையெல்லாம் வறட்சி என்கிறோம்.

டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேயர் 2012-ல் ஒரு கேள்வி எழுப்பினார். அவர் சமூகவியல் அறிஞர், ஆட்டிசம் உள்ளவரும்கூட. ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரியவில்லை என்கிறீர்களே, மற்றவர்களுக்கு ஆட்டிசம் உள்ளவர் மனம் புரிகிறதா என்று கேட்டார். இரண்டு கரையும் எட்டாமலிருக்கிற பள்ளத்துக்கு ஒரு கரையை மட்டும் ஏன் குற்றம் சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. அந்தப் பள்ளத்தை ஆக்ஸிடோசின் ஊற்றி நிரப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள், தாங்கள் ஓர் அடி எடுத்துவைக்க இஷ்டமில்லாதவர்கள்.

இந்தச் சீசா வைத்தியம் நம்மைக் கவர்வதன் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. மூக்கில் பீச்சினால் சரியாகிவிடும் என்றால் நாம் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த அம்மாள் பையனுக்காக மூன்று பள்ளிக்கூடங்களின் படி ஏறினார். மூன்றிலும், 'இங்கே சரிப்படாது' என்று அனுப்பிவிட்டார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடுகிற 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. இப்படிப்பட்ட பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கற்பிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பையன் லிஃப்டு பொத்தான்களை அழுத்துகிறான் என்று சங்கத்தில் புகார். வாய்ப்பேச்சு வராவிட்டால் படங்களைக் காட்டிப் பேசப் பழக்கலாம். அதற்குத் தெரிந்த ஆசிரியர் வேண்டும், பொறுமை வேண்டும், வருஷங்கள் வேண்டும். இவை எதுவும் சீசாவில் வராது. தவிரவும், இவற்றில் பெரும்பகுதி தாய் செய்ய வேண்டியதல்ல. பள்ளிக்கூடமும் அண்டை வீட்டாரும் சர்க்காரும் செய்ய வேண்டியது.

ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு, எந்த வயதில், எந்த அளவில் பயன்படலாம் என்று விஞ்ஞானிகள் இன்னும் தேடுகிறார்கள், தேடட்டும். 290 பிள்ளைகளை வைத்துச் சோதித்து, 'பலிக்கவில்லை' என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்களே, அவர்களுக்கு என் வணக்கம். அந்த நேர்மையில் நூற்றில் ஒரு பங்கு மேடையில் நிற்கிறவர்களுக்கு இருந்தால் போதும். உயிரைக் காக்கிற மருந்தாகப் பிரசவ வார்டில் அது இருக்கட்டும். வைக்கோல் கன்றாக அதைத் தாய்மார் முன்னால் நிறுத்தவேண்டாம். பசுவை ஏமாற்றியவனாவது பாலுக்காக ஏமாற்றினான். அந்தப் பால் நாலு பிள்ளைகள் வயிற்றுக்காவது போயிற்று.

இதில் பாதியைத்தான் அன்று அந்த அம்மாளிடம் சொல்ல முடிந்தது. மீதியைப் பிறகு தேடிப் படித்தேன். அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: "நீங்கள் காரணமில்லை, அம்மா. மருந்தும் காரணமில்லை. அந்தச் சீசாவை வாங்காதீர்கள். முடிந்தால் மறுபடி வேலைக்குப் போங்கள்."

"நிச்சயமாகத்தானே சொல்கிறீர்கள்?"

"நிச்சயமாக."

பையன் அடுக்கி முடித்துவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். பசி வந்துவிட்டது என்றார் அம்மாள். எழுந்தவர், வாசற்படியில் நின்று, "அந்தக் கதையின் முடிவை மாற்றி எழுதுவீர்களா சார்?" என்று கேட்டார்.

அச்சாகி, தொகுதியில் சேர்ந்து, பல வீடுகளுக்குப் போய்விட்ட கதையைத் திருப்பி அழைக்க முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதினேன். அந்தக் கதையைப் படித்தவர்கள் இதையும் படிக்க வேண்டும். அந்தக் கதையைக் காட்டி ஒரு மருமகளையோ மனைவியையோ மடக்கியவர்கள் வீட்டில் இதை உரக்கப் படிக்க வேண்டும்.